வலது காலின் கீழே 280 குதிரைகள்

ஆனியிலும் மார்கழியிலும் சிதம்பரத்தில் நடைபெறும் தேரோட்டத்தை நீங்கள் பார்த்திருக்கலாம். பார்க்காதவர்கள் உங்கள் ஊர்த் தேரை நினைத்துக்கொள்ளுங்கள். கீழ வீதியில் நிலையில் நிற்கும் தேரின் வடத்தை நூற்றுக்கணக்கானவர்கள் பிடித்து இழுக்கிறார்கள். தேர் அசைவதில்லை. பின்சக்கரங்களுக்கு நெம்புகோல் கொடுத்து உந்துகிறார்கள், வடம் விறைக்கிறது, திடீரென்று தேர் ஓர் அடி நகர்கிறது. நகர்ந்த பிறகு அதே கூட்டத்துக்கு அவ்வளவு சிரமம் இல்லை. ஆனால் வேறொரு கவலை பிறந்துவிடுகிறது. ஓடும் தேரை நிறுத்துவது எப்படி? அதற்கென்றே முட்டுக்கட்டையோடு சிலர் சக்கரத்தை ஒட்டியே நடந்து வருகிறார்கள். கட்டை சக்கரத்தின் அடியில் செல்கிறது. தேர் கிறீச்சிட்டு நிற்கிறது. தேர் பெற்றிருந்த இயக்க ஆற்றல் முழுவதும் உராய்வினால் வெப்பமாகி, கட்டைக்கும் சாலைக்கும் போய்ச் சேர்கிறது.

நின்ற நிலையிலிருந்து கிளம்புவது, வேகத்தை அளவோடு வைத்துக்கொள்வது, நிறுத்துவது ஆகிய மூன்றும் எல்லா வண்டிகளுக்கும் உள்ள சிக்கல்கள். தேருக்கு இம்மூன்றையும் தனித்தனி ஆட்கள் கவனிக்கிறார்கள். பெட்ரோல் காரில் கிளட்ச், கியர், ஆக்சிலரேட்டர், பிரேக் என்று பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். இன்றைய அதிவேக மின்சாரக் காரோ இவற்றில் பெரும்பகுதியை ஒரே மிதியிடம், அதாவது ஓட்டுபவரின் வலது காலிடம், ஒப்படைத்திருக்கிறது. இது வசதியா, ஆபத்தா? இரண்டும்தான். எப்படி என்பதை இயற்பியல் கொண்டு பார்ப்போம்.

கடலூரில் என் உறவினர் ஒருவர் இத்தகைய கார் ஒன்றை வைத்திருக்கிறார். அதில் சிதம்பரம் வரை பலமுறை போய் வந்திருக்கிறேன்; சிலமுறை நானே ஓட்டியும் இருக்கிறேன். பாடம் நடத்துகிறவனுக்கு அது சக்கரம் வைத்த ஆய்வுக்கூடம். வகுப்பில் கரும்பலகையில் எழுதும் சமன்பாடுகளை அங்கே முதுகிலும் வயிற்றிலும் உணரலாம்!

நின்ற இடத்திலேயே முழு பலம்

பெட்ரோல் இன்ஜினுக்கு ஒரு பெரிய குறை உண்டு. அது நின்றுகொண்டிருக்கும்போது அதனிடம் பலமே கிடையாது. முதலில் அதைத் தனியாகச் சுழல வைக்க வேண்டும். பிறகுதான் கிளட்ச் வழியாகச் சக்கரத்தோடு மெல்லச் சேர்க்க வேண்டும். அவசரப்பட்டால் வண்டி உதறிக்கொண்டு நின்றுவிடும். கார் ஓட்டப் பழகும் எவரும் முதல் வாரத்தில் படும் பாடு இதுதான்.

மின்சார மோட்டாரோ நேர்மாறானது. கடத்தியில் மின்னோட்டம் பாய்ந்தால், காந்தப்புலம் அதன்மேல் விசை செலுத்துகிறது. மோட்டார் சுழல்கிறதா, நிற்கிறதா என்ற கேள்வியே இல்லை. மின்னோட்டம் பாய்ந்த கணத்திலேயே திருப்பு விசை முழு அளவில் கிடைத்துவிடும். வண்டிக்கு எங்கே அதிகமாகத் தேவையோ அங்கேயே அதிகமாகக் கிடைக்கிறது. சென்னையில் 1895-ஆம் ஆண்டிலேயே மின்சார டிராம் ஓடத் தொடங்கியதற்கும் (அது 1953-இல் நின்றுபோனது), 1931 முதல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடுவதற்கும் இந்தக் குணமும் ஒரு காரணம். நின்று நின்று கிளம்பும் வண்டிக்கு இதைவிட ஏற்ற இயந்திரம் இல்லை.

கார் விஷயத்திலும் மின்சாரம் புதியதன்று. மணிக்கு 100 கி.மீ. வேகத்தை முதன்முதலில் தாண்டிய சாலை வண்டி எது தெரியுமா? மின்சாரக் கார்தான்! 1899 ஏப்ரலில், பாரிஸ் அருகே கமீய் ஜெனாட்ஸி என்ற பெல்ஜியக்காரர், குண்டு வடிவத்தில் செய்த தம் மின்சார வண்டியை 105.88 கி.மீ. வேகத்தில் ஓட்டினார். ஆனால் ஈய-அமில பாட்டரியின் எடையும் குறைந்த கொள்ளளவும் அந்த வகை வண்டிகளை ஒதுக்கிவிட்டன. 1912-இல் காடிலாக் கார்களில் இன்ஜினைக் கிளப்ப ஒரு சிறு மின் மோட்டார் பொருத்தப்பட்டது. கைப்பிடி சுற்றும் தொல்லை ஒழிந்தது. பெட்ரோல் கார் வென்றது. மின்சாரக் காரை வீழ்த்த ஒரு மின்சார மோட்டாரே உதவியது வேடிக்கை அல்லவா?

நம் நாட்டில் 1993-இல் கேரளத்துச் சாலக்குடி நிறுவனம் ஒன்று 'லவ்பேர்ட்' என்ற இரண்டு பேர் அமரும் மின்சாரக் காரைக் காட்சிக்கு வைத்தது. 2001-இல் பெங்களூரிலிருந்து 'ரேவா' வந்தது. இரண்டும் நகரத்துக்குள் மெல்லச் செல்லும் வண்டிகள். லித்தியம் அயனி மின்கலம் வந்த பிறகே கதை மாறியது.

இப்போது நம் பக்கத்து உதாரணம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 2024 நவம்பர் 26 அன்று சென்னையில் அறிமுகமான மகிந்திரா பி.இ. 6 என்னும் கார், செங்கல்பட்டு அருகே உள்ள அந்நிறுவனத்தின் ஆராய்ச்சி மையத்தில் உருப்பெற்றது. செய்யாறு அருகே உள்ள சோதனைத் தடத்தில் ஓடிப் பழகியது. அதன் பெரிய பாட்டரியின் கொள்ளளவு 79 கிலோவாட்-மணி. வீட்டு மின்கட்டண அட்டையின் மொழியில் சொன்னால் 79 யூனிட். மோட்டாரின் உச்சத் திறன் 210 கிலோவாட், அதாவது ஏறத்தாழ 280 குதிரைத் திறன். திருப்பு விசை 380 நியூட்டன் மீட்டர். மோட்டார் பின்சக்கரங்களைச் சுழற்றுகிறது. நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கி.மீ. வேகத்தை எட்ட 6.7 வினாடி போதும் என்று நிறுவனம் அறிவித்திருக்கிறது.

மிதி ஒரு விண்ணப்பம்

பழைய பெட்ரோல் கார்களில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் ஒரு கம்பி இழுபடும். இன்ஜினுக்குள் காற்று செல்லும் கதவு திறக்கும். காலுக்கும் இன்ஜினுக்கும் நேரடி உறவு. மின்சாரக் காரில் அப்படி எந்தக் கம்பியும் இல்லை. மிதி எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று ஓர் உணர்வி அளக்கிறது. ஒன்று பொய் சொன்னால் மற்றொன்று காட்டிக்கொடுக்கும் என்பதற்காக இரண்டு உணர்விகள் வைப்பார்கள். அளவு கணினிக்குப் போகிறது. கணினி, சக்கரங்களின் வேகம், பாட்டரியின் வெப்பநிலை, மீதமுள்ள ஆற்றல் ஆகியவற்றைப் பார்த்து, 'இவ்வளவு திருப்பு விசை தரலாம்' என்று தீர்மானிக்கிறது. பாட்டரி தருவது நேர்த்திசை மின்னோட்டம். இன்வர்ட்டர் அதை நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை வெட்டி வெட்டி, மூன்று கட்ட மாறுதிசை மின்னோட்டமாக மாற்றி மோட்டாருக்கு அனுப்புகிறது. வீட்டு மின்சாரத்தின் அதிர்வெண் எப்போதும் 50 ஹெர்ட்ஸ். இங்கோ கார் நிற்கும்போது சுழி. வேகம் ஏற ஏற நூற்றுக்கணக்கான ஹெர்ட்ஸ்.

ஆகவே மிதி என்பது கட்டளை அன்று, விண்ணப்பம். அனுமதிப்பது கணினி. இத்தகைய கார்களில் 'சிக்கனம்', 'அன்றாடம்', 'பந்தயம்' என்ற பொருளில் சில பொத்தான்கள் இருக்கும். அவற்றை அழுத்தினால் இன்ஜின் மாறிவிடுவதாகச் சிலர் நினைக்கிறார்கள். ஒன்றும் மாறுவதில்லை. கால் பாதி அழுத்தினால் எவ்வளவு கொடுப்பது என்ற அட்டவணை மட்டுமே மாறுகிறது. சிக்கனத்தில் பாதி மிதிக்குக் கால் பங்கு பலம் கிடைத்தால், பந்தயத்தில் பாதி மிதிக்கு முக்கால் பங்கு கிடைக்கலாம். புதிதாக ஓட்டுபவர் முதல் மாதம் சிக்கனத்தில் ஓட்டுவது நல்லது என்பது என் கருத்து. மைத்துனர்கள் சொன்னால் யார் கேட்கிறார்கள்!

இப்போது காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று காரின் நிறையை 2000 கிலோகிராம் என்று கொள்வோம். மணிக்கு 100 கி.மீ. என்பது வினாடிக்கு 27.8 மீட்டர். இயக்க ஆற்றல், நிறையையும் வேகத்தின் வர்க்கத்தையும் பெருக்கி வருவதில் பாதி. விடை ஏறத்தாழ 7,72,000 ஜூல். இதை 6.7 வினாடியால் வகுத்தால் சராசரித் திறன் 115 கிலோவாட் வருகிறது. மோட்டாரின் உச்சத் திறன் 210 ஆயிற்றே, மீதி எங்கே போயிற்று? காற்றுத் தடையும் வெப்ப இழப்பும் கொஞ்சம் தின்கின்றன. முக்கியக் காரணம் வேறு. திறன் என்பது விசையையும் வேகத்தையும் பெருக்கி வருவது. கிளம்பும்போது விசை முழுமையாக இருந்தாலும் வேகம் சுழி. ஆகவே திறனும் சுழி. வேகம் கூடக் கூடத் திறன் ஏறி, ஓர் இடத்தில் உச்சத்தைத் தொடுகிறது. அதற்கு மேல் சுழலும் மோட்டார் தானே ஓர் எதிர் மின்னியக்கு விசையை உண்டாக்கிக்கொண்டு, உள்ளே வரும் மின்னோட்டத்தை எதிர்த்து நிற்கும். அதன்பின் திருப்பு விசை குறையத் தொடங்கும். இக்கார்கள் ஊருக்குள் செல்லும் வேகத்தில் பாய்ச்சலாகவும், நெடுஞ்சாலை வேகத்தில் சற்று நிதானமாகவும் தோன்றுவது இதனால்தான்.

சாலை தரும் அனுமதி

கணினி அனுமதித்துவிட்டது. போதுமா? இன்னொருவர் அனுமதியும் வேண்டும். அவர்தான் சாலை.

மோட்டாரின் 380 நியூட்டன் மீட்டர், பற்சக்கரங்களின் வழியே பத்து மடங்காகிறது என்று கொள்வோம். சக்கரத்தின் ஆரம் 0.36 மீட்டர் என்றால், டயர் சாலையைப் பின்னோக்கித் தள்ளும் விசை ஏறத்தாழ 10,500 நியூட்டன். காரின் எடையில் பாதி, அதாவது 9,800 நியூட்டன், பின்சக்கரங்களின்மேல் இருக்கிறது. கார் பாயும்போது நீங்கள் பின்னால் சாய்வதைப் போலவே காரின் பாரமும் பின்னுக்கு மாறுவதால், இது இன்னும் சற்றுக் கூடும். நல்ல டயருக்கும் காய்ந்த சாலைக்கும் இடையே உராய்வுக் குணகம் 0.8 முதல் 0.9 வரை இருக்கலாம். பெருக்கிப் பாருங்கள். காய்ந்த சாலையிலேயே மோட்டாரின் பலம் பிடிப்பின் எல்லையைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது!

ஐப்பசி மழையில் அதே குணகம் 0.4 ஆகக் குறைந்தால்? சாலை ஏற்றுக்கொள்ளக்கூடியது 4,500 நியூட்டனுக்கும் குறைவு. மோட்டார் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் தர வல்லது. கட்டுப்பாடு இல்லாவிட்டால் பின்சக்கரம் இருந்த இடத்திலேயே சுழலும்; காரின் பின்பக்கம் வழுக்கும். அலப்பாக்கம், புதுச்சத்திரம் பக்கம் வயல்களுக்கு நடுவே செல்லும் சாலையில் மழைநீரோடு வண்டல் மண்ணும் சேர்ந்தால் குணகம் இன்னும் குறையும். இங்கேதான் கணினி உயிர் காக்கிறது. பின்சக்கரம் முன்சக்கரத்தைவிட வேகமாகச் சுழல்வதைச் சில ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடிகளில் கண்டுபிடித்து, மின்னோட்டத்தைக் குறைத்துவிடுகிறது. பெட்ரோல் இன்ஜினில் காற்றையும் எரிபொருளையும் குறைத்து இதைச் செய்வதற்குள் நேரம் கடந்துவிடும். மின்னோட்டத்தைக் குறைப்பது அதைவிட எத்தனையோ மடங்கு விரைவு.

ஆனால் கவனியுங்கள். கணினி விசையைப் பங்கிடலாம். உராய்வுக் குணகத்தை உயர்த்த அதனால் முடியாது. நிறுத்தும்போது இது தெளிவாகத் தெரியும். பிரேக் பிடித்தபின் கார் ஓடும் தூரம், வேகத்தின் வர்க்கத்தை உராய்வுக் குணகம், புவியீர்ப்பு முடுக்கம் ஆகியவற்றின் இருமடங்குப் பெருக்கத்தால் வகுக்கக் கிடைப்பது. இதில் மோட்டாரின் திறன் எங்காவது வருகிறதா? காரின் விலை வருகிறதா? காய்ந்த சாலையில் குணகம் 0.7 என்றால் 100 கி.மீ. வேகத்திலிருந்து நிற்க 56 மீட்டர். ஈரச் சாலையில் 98 மீட்டர். 'நிறுத்த வேண்டும்' என்று மூளை உணர்ந்து கால் செயல்பட ஒரு வினாடி ஆகும் என்றால், அதற்கு மேலும் 28 மீட்டர். 280 குதிரைகள் கிளம்புவதற்கு உதவும். நிற்கும்போது இந்தக் காரும் பழைய அம்பாசடரும், டயர் ஒன்றானால், ஏறக்குறைய ஒன்றே.

காலை எடுத்தால்

இப்போது இக்கார்களின் மிக அழகான பகுதிக்கு வருவோம். ஓடும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், பெட்ரோல் கார் உருண்டுகொண்டே போகும். மின்சாரக் காரில் அமைப்பை மாற்றி வைத்தால், யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பது போல வேகம் குறைகிறது. பிரேக்கைத் தொடவே இல்லை. என்ன நடந்தது?

மோட்டார் மின்னியற்றியாக மாறிவிட்டது. காந்தப்புலத்தில் கடத்தி அசைந்தால் மின்சாரம் பிறக்கும் என்பதை 1831-இல் ஃபாரடே கண்டார். சக்கரம் மோட்டாரைச் சுழற்றுகிறது. பிறக்கும் மின்சாரம் பாட்டரிக்குள் திரும்பிச் செல்கிறது. அந்த மின்னோட்டமே சுழற்சியை எதிர்க்கிறது. தேரின் முட்டுக்கட்டை வெப்பமாக்கி வீணடித்ததை இது சேமித்து வைக்கிறது.

இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். பழுதான பொம்மைக் காரிலிருந்து சிறு மோட்டாரை எடுங்கள். அதன் அச்சில் ஒரு சிறு சக்கரத்தைப் பொருத்துங்கள். இரு முனைகளும் தனித்தனியாக இருக்கும்போது சக்கரத்தை விரலால் வேகமாகச் சுண்டி, எவ்வளவு நேரம் சுழல்கிறது என்று பாருங்கள். பிறகு இரு முனைகளையும் ஒரு செம்புக் கம்பியால் இணைத்து, அதே வேகத்தில் சுண்டுங்கள். சட்டென்று நின்றுவிடும். கம்பிக்குப் பதிலாகப் பள்ளி ஆய்வுக்கூடத்து வோல்ட் மீட்டரை இணைத்தால் முள் அசைவதையும் காணலாம். சிதம்பரம் வழியே செல்லும் ரயில்களை இழுக்கும் மூன்று கட்ட மோட்டார் கொண்ட புதிய மின்சார இன்ஜின்கள்கூட, வேகம் குறைக்கும்போது இப்படித்தான் மின்சாரத்தை மேல் கம்பிக்குத் திருப்பி அனுப்புகின்றன.

எவ்வளவு திரும்பக் கிடைக்கும்? 60 கி.மீ. வேகத்தில் செல்லும் நம் 2000 கிலோ காரின் இயக்க ஆற்றல் 2,78,000 ஜூல், அதாவது 0.077 யூனிட். மோட்டாரிலும் பாட்டரியிலும் ஏற்படும் இழப்புகள் போக அறுபது சதவீதம் பயன்பட்டாலும் 0.046 யூனிட் லாபம். சிறிய தொகைதான். ஆனால் கடலூர் முதுநகரைத் தாண்டுவதற்குள் எத்தனை முறை வேகத்தைக் குறைக்க வேண்டியிருக்கிறது என்பது அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும்!

கால் மறந்துபோவது

ஒரே மிதியில் ஓட்டப் பழகிவிட்டால் பிரேக் மிதியை ஒரு பயணம் முழுவதும் தொடாமலே இருக்கலாம். என் உறவினர் இதைப் பெருமையாகச் சொல்வார். எனக்கு அங்கேதான் கவலை.

முதலாவது, பாட்டரி நிரம்பியிருக்கும்போது இந்தத் தடுப்பு குறைந்துபோகலாம். நிரம்பிய குடத்தில் மேலும் நீர் ஊற்ற முடியாது. லித்தியம் மின்கலம் முழு மின்னழுத்தத்தில் இருக்கும்போது வலிந்து மின்னோட்டம் செலுத்தினால், உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து மின்கலம் கெடும். எனவே கணினி மறுத்துவிடுகிறது. சில கார்களில் அந்தக் குறையை உராய்வு பிரேக் தானாகவே ஈடுசெய்யும், சிலவற்றில் செய்யாது. இரவெல்லாம் மின்னேற்றிவிட்டுக் காலையில் தெருமுனை வரும்போது, நேற்று மாலை நின்ற இடத்தில் இன்று கார் நிற்காமல் சற்று நகரலாம். காரணம் தெரிந்தவர் பிரேக்கை மிதிப்பார். தெரியாதவர் திகைப்பார். திகைக்கும் அரை வினாடியில் 40 கி.மீ. வேகத்துக் கார் ஐந்தரை மீட்டர் போய்விடும்.

இரண்டாவது, பழக்கம். வீட்டில் ஒரு மின்சாரக் காரும் ஒரு பெட்ரோல் காரும் இருந்தால், ஒரே கால் இரண்டு மொழி பேச வேண்டும். ஒன்றில் காலை எடுப்பது 'நில்' என்று பொருள். மற்றொன்றில் 'உருண்டு போ' என்று பொருள். பதற்றத்தில் கால் எந்த மொழியைப் பேசும் என்று யாரும் உறுதி கூற முடியாது. பிரேக்கை நாடும் கால் அவசரத்தில் ஆக்சிலரேட்டரில் விழும் விபத்து எல்லா வகைக் கார்களிலும் நிகழ்வதுதான். சாதாரணக் காரில் அந்தத் தவறு இன்ஜினின் உறுமலாகக் காதில் விழுந்து எச்சரிக்கும். இங்கே உறுமல் இல்லை. முழுத் திருப்பு விசை உடனே கிடைக்கும்.

பின்னால் வருபவரையும் மறக்கக்கூடாது. பிரேக்கை மிதிக்காமலே கார் மெதுவானால் சிவப்பு விளக்கு எரியுமா? வேகம் குறையும் வீதம் வினாடிக்கு வினாடி 1.3 மீட்டரைத் தாண்டினால் விளக்கு எரிந்தே ஆகவேண்டும் என்பது பல நாடுகள் ஏற்ற ஐக்கிய நாடுகள் விதி. நல்ல விதி.

கடலூர்வாசிகளுக்கு இன்னொரு சிறு செய்தி. உப்புக் காற்று வீசும் ஊரில் பிரேக் தட்டுகளைப் பயன்படுத்தாமலே விட்டால் துரு ஏறும். வாரம் சிலமுறை, பின்னால் வண்டி இல்லாத இடத்தில், பிரேக்கை நன்றாக மிதித்துத் தேய்த்துவிடுவது நலம். காலுக்கும் நினைவு வரும்.

வீதியில் நடப்பவர்

இதுவரை ஓட்டுபவரின் பக்கம் நின்று பேசினோம். இனி சாலையைக் கடப்பவரின் பக்கம் வாருங்கள். உங்களில் பலர் அவர்தான்.

நிற்கும் பேருந்தின் முன்னால் நாம் தைரியமாகக் கடக்கிறோம். அது கிளம்ப எவ்வளவு நேரமாகும் என்று நம் உடம்புக்கே தெரியும். பேருந்தின் முடுக்கம் வினாடிக்கு வினாடி 0.8 மீட்டர் என்றால், மூன்று வினாடியில் அது நகரும் தூரம் 3.6 மீட்டர். நாம் பார்த்த கார் சராசரி 4.15 மீட்டர் முடுக்கத்தோடு கிளம்பினால் அதே மூன்று வினாடியில் 18.7 மீட்டர் வந்துவிடும். அப்போது அதன் வேகம் மணிக்கு 45 கி.மீ.! ஒரு பாதி வீதியைக் கடக்க முதியவர் ஒருவருக்கு எத்தனை வினாடி ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். 'கார் தூரத்தில்தானே நிற்கிறது' என்ற அவருடைய கணக்கு, ஐம்பது ஆண்டுகள் பேருந்தையும் அம்பாசடரையும் பார்த்துப் பழகிய கணக்கு. அதைத் தவறென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மாற வேண்டியது காரில் இருப்பவரின் கால்.

ஒலியும் இல்லை. சிதம்பரத்தின் நான்கு தேர் வீதிகளிலும் மாலை நேரத்தில் பூக்கடை, காய்கறி வண்டி, சைக்கிள், பசுமாடு, கோயிலுக்குச் செல்வோர் என எல்லாரும் ஒரே சாலையில் இருப்பார்கள். பின்னால் வண்டி வருவதைக் கண்ணால் அல்ல, காதால்தான் அறிகிறார்கள். 20 கி.மீ. வேகத்துக்குக் கீழே மின்சாரக் காரின் டயர் ஒலிகூட மிகக் குறைவு. அந்த வேகத்தில் செயற்கையாக ஒலி எழுப்ப வேண்டும் என்று ஐரோப்பிய நாடுகள் 2019 முதல் புதிய வகைக் கார்களுக்கு விதித்துள்ளன. பார்வையற்றோரின் சங்கங்கள் இதற்காக நீண்ட காலம் வாதாடின.

காருக்குள்ளே கண்ணைக் கவரும் பெரிய திரைகளையும் குறிப்பிட வேண்டும். குளிர்சாதனம், விளக்கு, ஓட்டும் முறை என்று பலவற்றையும் கண்ணாடித் திரையில் விரல் வைத்து மாற்றும் வழக்கம் பெருகிவிட்டது. திருகு குமிழை விரல் தானே தேடிக் கண்டுகொள்ளும். வழுவழுப்பான திரையில் கண் போனால்தான் விரல் போகும். 80 கி.மீ. வேகத்தில் இரண்டு வினாடி திரையைப் பார்த்தால், 44 மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம். கடலூர்-சிதம்பரம் பேருந்தில் ஓட்டுநரின் இடக்கையைக் கவனியுங்கள். கியர் கம்பியை அவர் ஒருமுறையாவது குனிந்து பார்க்கிறாரா? ஐரோப்பியப் பாதுகாப்புச் சோதனை அமைப்பு, முக்கியக் கட்டுப்பாடுகளுக்குக் கையால் தொட்டறியும் பொத்தான்கள் வேண்டும் என்பதை 2026 முதல் மதிப்பெண்ணில் சேர்த்திருக்கிறது. பழைய குமிழ்களுக்கு மறுபடியும் மதிப்பு வருகிறது, எனக்கு மகிழ்ச்சியே.

45 கிலோமீட்டர்க் கணக்கு

கடலூரிலிருந்து சிதம்பரம் ஏறத்தாழ 45 கி.மீ. மேடு பள்ளம் இல்லாத கடலோரச் சமவெளி. கணக்குப் போட வசதியான சாலை. டயர் உருள்வதற்கான தடை வேகத்தோடு அதிகம் மாறாது. நம் காருக்கு 200 நியூட்டன் என்று கொள்ளலாம். காற்றுத் தடையோ வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளரும். 60 கி.மீ. வேகத்தில் அது 125 நியூட்டன் என்றால், 100 கி.மீ. வேகத்தில் 347 நியூட்டன். மொத்த விசையைத் தூரத்தால் பெருக்கி யூனிட்டாக மாற்றினால், மெதுவாகப் போனவருக்கு 4 யூனிட்டும், விரைந்து போனவருக்கு 6.8 யூனிட்டும் ஆகும். இழப்புகளும் குளிர்சாதனமும் தனி. மிச்சமான நேரம் 18 நிமிடம்.

வீட்டில் மின்னேற்றுவது எளிது; பொறுமைதான் வேண்டும். 16 ஆம்பியர் சாக்கெட்டில் 3 கிலோவாட் எடுக்கலாம் என்றால், காலியான 79 யூனிட் பாட்டரி நிரம்ப 26 மணி நேரம் வேண்டும். ஆனால் சிதம்பரம் போய் வந்த 15 யூனிட்டை மட்டும் நிரப்ப ஓர் இரவு தாராளம். 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயலுக்குப் பின் கடலூர் மாவட்டம் எத்தனை நாள் இருளில் கிடந்தது என்பதைப் பெரியவர்களிடம் கேளுங்கள். அப்படிப்பட்ட நாளில் இந்தக் கார் நின்றுபோகும். ஆனால் பாட்டரியிலிருந்து வெளியே மின்சாரம் தரும் வசதி சில கார்களில் உண்டு. நாளுக்கு 5 யூனிட் செலவிடும் வீட்டுக்கு 79 யூனிட் என்பது இரண்டு வாரம்.

அந்த மின்சாரம் எங்கிருந்து வருகிறது? நம் மாவட்டத்திலேயே நெய்வேலி இருக்கிறது. பழுப்பு நிலக்கரியில் ஒரு யூனிட் மின்சாரம் செய்யும்போது ஒரு கிலோகிராமுக்குக் குறையாமல் கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். 100 கி.மீ. ஓட 16 யூனிட் என்றால் 16 கிலோ. லிட்டருக்கு 15 கி.மீ. தரும் பெட்ரோல் கார் அதே தூரத்துக்கு ஏறக்குறைய 15 கிலோதான் வெளியிடும்! ஆக, பழுப்பு நிலக்கரியை மட்டும் நம்பினால் லாபமே இல்லை. நம் மின்தொகுப்பில் முப்பந்தல் காற்றாலைகளும், கமுதியின் சூரிய மின்சாரமும், கூடங்குளமும் கலந்திருப்பதால்தான் மின்சாரக் கார் முந்துகிறது. ஆடிக் காற்றில் ஓட்டினால் இன்னும் முந்தும்.

அடுத்த முறை கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கோ, உங்கள் ஊரிலிருந்து பக்கத்து ஊருக்கோ பேருந்தில் செல்லும்போது ஒரு வேலை செய்யுங்கள். ஓட்டுநர் எத்தனை முறை வேகத்தைக் குறைக்கிறார் என்று ஒரு தாளில் கோடு போட்டுக்கொண்டே வாருங்கள். அத்தனை முறையும் நம் 2000 கிலோ கார் 60 கி.மீ. வேகத்திலிருந்து 20 கி.மீ. வேகத்துக்கு இறங்கியது என்று கொண்டு, விடுபட்ட இயக்க ஆற்றலைக் கணக்கிடுங்கள். அதில் அறுபது சதவீதத்தை யூனிட்டாக மாற்றுங்கள். 36 லட்சம் ஜூல் ஒரு யூனிட் என்பது நினைவிருக்கட்டும். வந்த விடையை மேலே சொன்ன 4 யூனிட்டோடு ஒப்பிட்டுப் பார்த்து, உங்கள் இயற்பியல் ஆசிரியரிடம் காட்டுங்கள்.